கோடையும் தூக்கமும் விடியற்கால வலிப்பும்

ஒரு தாய் கேட்டிருக்கிறார்: “என் மகனுக்கு 16 வயது. இரண்டு ஆண்டுகளாக வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறான். மற்ற மாதங்களில் பெரும்பாலும் தொல்லை இல்லை. ஏப்ரல், மே வந்தால் வருகிறது. அதுவும் காலையில் எழுந்த கொஞ்ச நேரத்தில். உடம்புச் சூடுதான் காரணம் என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். ஏசி வாங்கிப் போட்டால் நின்றுவிடுமா? தலைக்கு வெந்நீர் ஊற்றலாமா, கூடாதா?”

முதலில் பதில், பிறகு விளக்கம். ஏசி போட்டு அவன் இரவு முழுவதும் தூக்கம் கலையாமல் தூங்குவான் என்றால் வலிப்பு குறைய நல்ல வாய்ப்பு உண்டு. ஆனால் அந்தப் பலனைத் தருவது தூக்கம். ஏசி போட்ட அறையில் இரண்டு மணி வரை கைப்பேசி பார்த்துக்கொண்டிருந்தால் செலவு செய்த பணம் வீண். வெந்நீர் பற்றிய கேள்வி வேறு வகையைச் சேர்ந்தது. அதற்குத் தனியாக வருகிறேன், ஏனென்றால் தென்னிந்தியாவில் அது அலட்சியமாகக் கடந்து போகக்கூடிய கேள்வி அல்ல.

நான் மருத்துவர் அல்லேன். நரம்பியல் பிரிவில் இ.இ.ஜி. பதிவு செய்வது என் வேலை. தலையில் மின்முனைகளை ஒட்டி மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் சோதனை அது. உங்கள் மகனுக்கும் எடுத்திருப்பார்கள். தலைக்குக் குளித்துவிட்டு எண்ணெய் வைக்காமல் வாருங்கள், முந்தைய இரவு சரியாகத் தூங்க விடாதீர்கள் என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். பல பெற்றோர் இந்த இரண்டாவது நிபந்தனையைக் கேட்டு எரிச்சலடைகிறார்கள். பிள்ளையை ஏன் வதைக்கிறீர்கள் என்று கேட்டவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. அதற்கான விடையில்தான் உங்கள் கேள்விக்கான விடையின் பெரும்பகுதியும் இருக்கிறது.

முந்தைய இரவு சரியாகத் தூங்காதவர் சோதனையின்போது கண் அயர்ந்துவிடுவார். விழித்திருக்கும்போது ஒன்றும் தெரியாத பதிவில், நோயாளி கண் அயர்ந்த சில நிமிடங்களில் வலிப்பின் அடையாளமான கூரான அலைகள் எழத் தொடங்கும். நன்றாக விழித்திருக்கும் மூளையில் நரம்பணுக்கள் ஆளுக்கொரு வேலையாகத் தனித்தனியே இயங்குகின்றன. கனவில்லாத தூக்கத்தில், மூளையின் நடுவிலுள்ள தலாமஸும் வெளிப்புறத்திலுள்ள புறணியும் ஒரே தாளத்துக்கு வந்துவிடுகின்றன. லட்சக்கணக்கான நரம்பணுக்கள் சேர்ந்து எழுந்து சேர்ந்து அடங்குகின்றன. வலிப்பு என்பதும் அடிப்படையில் நரம்பணுக்கள் அளவுக்கு மீறி ஒரே நேரத்தில் மின்னூட்டத்தைக் கொட்டுவதுதான். எனவே அந்தப் போக்கு ஏற்கெனவே உள்ள மூளைக்கு இந்தத் தாளம் வழி திறந்துவிடுகிறது. கண்கள் மூடிய இமைக்குள் வேகமாக அசையும் கனவுத் தூக்கத்தில் நிலைமை நேர்மாறு. அப்போது நரம்பணுக்கள் மறுபடி தனித்தனியாகப் பிரிந்துவிடுகின்றன, தசைகளும் தளர்ந்துவிடுகின்றன. கனவுத் தூக்கத்தில் வலிப்பு வருவது மிக அரிது. 2001-இல் வெளியான ஓர் ஆய்வில், மூளையின் ஒரு பகுதியிலிருந்து கிளம்பும் வகை வலிப்பு உள்ள 133 பேரிடம் 613 வலிப்புகளைப் பதிவு செய்தார்கள். அவற்றில் 43 விழுக்காடு தூக்கத்தில் தொடங்கியவை. கனவுத் தூக்கத்தில் தொடங்கியது ஒன்றுகூட இல்லை.

இந்தக் கனவுத் தூக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வெப்பத்தைப் பற்றிப் பேசும்போது மறுபடி அதற்கு வருவோம்.

வலிப்புக்கும் உறங்கும் நேரத்துக்கும் உள்ள தொடர்பு புதிதாகக் கண்டறியப்பட்டதல்ல. லண்டன் மருத்துவர் வில்லியம் கவர்ஸ் 1885-இல் தம் நோயாளிகளைக் கணக்கிட்டு, 21 விழுக்காட்டினருக்கு இரவில் மட்டும், 42 விழுக்காட்டினருக்குப் பகலில் மட்டும், மீதமுள்ளவர்களுக்கு இரண்டு வேளையும் வலிப்பு வருவதாக எழுதினார். அன்று இ.இ.ஜி. இல்லை, ஸ்கேன் இல்லை, கேட்டுக் குறித்துக்கொண்டதுதான். இன்றும் ஒரு நல்ல மருத்துவர் முதலில் கேட்கும் கேள்வி அதுதான்: எத்தனை மணிக்கு வந்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தான்?

ஏனென்றால் நேரமே பல சமயம் நோயின் வகையைக் காட்டிக்கொடுத்துவிடும். எட்டு, ஒன்பது வயதுக் குழந்தை தூக்கத்தில் வாய் ஒரு பக்கமாக இழுத்து, எச்சில் வழிய, பேச முடியாமல் எழுந்து உட்கார்ந்தால் அது பெரும்பாலும் வளரிளம் பருவத்துக்குள் தானாக விலகிப்போகும் வகை. நள்ளிரவில் திடீரென்று கால்களை உதைத்து, கத்தி, அரை நிமிடத்தில் அடங்கி, ஒரே இரவில் பல முறை அப்படி நடந்தால் மூளையின் முன்பகுதியான நெற்றி மடலிலிருந்து வரும் வலிப்பாக இருக்கலாம். பேய் பிடித்தது, கெட்ட கனவு என்று ஆண்டுக்கணக்கில் சிகிச்சை இல்லாமல் போவது இந்த வகைதான். அதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மனம் கொதிக்கிறது. தூங்கும்போது கைப்பேசியில் எடுத்த ஒரு காணொளி இருந்திருந்தால் போதும்.

உங்கள் மகனின் வயதும், எழுந்த சிறிது நேரத்தில் வருவதும் வேறொரு வகையை நினைவூட்டுகின்றன. 1957-இல் யான்ஸ், கிறிஸ்டியான் என்ற இரு ஜெர்மானிய மருத்துவர்கள் விரிவாக விவரித்த, வளரிளம் பருவத்தில் தொடங்கும் தசைத்துள்ளல் வலிப்பு அது. காலையில் பல் துலக்கும்போது பிரஷ் கையிலிருந்து எகிறுகிறதா? காபி டம்ளர் தவறி விழுந்து, கவனமே இல்லை என்று திட்டு வாங்குகிறானா? சட்டைப் பொத்தான் போடும்போது தோள் வெட்டி இழுக்கிறதா? இவற்றை அவனிடமே கேளுங்கள். பெரும்பாலான பிள்ளைகள் இதை நோயென்று நினைப்பதில்லை, கேட்டால்தான் சொல்வார்கள். இருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். கார்பமாசெபின், ஃபெனிடாயின் போன்ற சில மருந்துகள் மற்ற வலிப்புகளை அடக்கினாலும் இந்த வகைத் துள்ளலைக் கூட்டிவிடக்கூடும். அவனுக்கு எந்த வகை என்று இங்கிருந்து நான் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. சந்தேகத்தை மருத்துவர் முன் வைப்பது உங்கள் உரிமை.

தூக்கக் குறைவு எல்லா வலிப்பையும் ஒரே அளவில் தூண்டுவதில்லை. இந்தக் காலை நேர வகையில்தான் அதன் கை ஓங்கியிருக்கிறது. தலைக்கு வெளியிலிருந்து காந்தத் துடிப்பு கொடுத்து மூளைப் புறணி எவ்வளவு எளிதில் தூண்டப்படுகிறது என்று அளந்து பார்த்தவர்கள், இரவு விழித்த மறுநாள் அந்தத் தூண்டப்படும் தன்மை கூடுவதையும், ஆரோக்கியமானவர்களைவிட வலிப்பு உள்ளவர்களிடம் மிகுதியாகக் கூடுவதையும் கண்டார்கள். மறுபக்கம், மருந்துக்குக் கட்டுப்படாத பகுதி வலிப்பு உள்ளவர்களை மருத்துவமனையில் வைத்து வேண்டுமென்றே தூக்கத்தைக் குறைத்துப் பார்த்த 2002-ஆம் ஆண்டு ஆய்வில், வலிப்பின் எண்ணிக்கை கூடவில்லை. ஆகவே ஒரு நாள் தூங்காவிட்டால் எல்லோருக்கும் வலிப்பு வந்துவிடும் என்று பயமுறுத்துவது தவறு. காலையில் வரும் வகைக்கு அந்தப் பயம் நியாயமானது.

இப்போது கோடைக்கு வருவோம்.

வீட்டில் சொல்லும் “உடம்புச் சூடு” என்பதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். வெளியே 40 டிகிரி செல்சியஸ் அடித்தாலும், நலமாக இருக்கும் ஒருவரின் உள்வெப்பம் 37 டிகிரியை ஒட்டியே நிற்கும். தோலுக்கு இரத்தத்தை அனுப்பியும் வியர்த்தும் உடல் அதைக் காப்பாற்றிக்கொள்கிறது. வெயிலில் நடந்து வந்த பிள்ளையின் நெற்றி சுட்டாலும் மூளையின் வெப்பம் ஏறிவிட்டதென்று பொருளில்லை. உள்வெப்பம் உண்மையிலேயே 40 டிகிரியைத் தாண்டினால் அது வெப்ப வாதம்; அப்போது வலிப்பு நோயே இல்லாதவருக்கும் வலிப்பு வரலாம், உயிருக்கும் ஆபத்து. அது அவசர சிகிச்சைக்கு ஓட வேண்டிய நிலை. நம் வீடுகளில் கோடை இரவில் நடப்பது அதுவல்ல.

அப்படியானால் வெப்பமான இரவு என்ன செய்கிறது? நாம் தூங்கப் போகும் நேரத்தில் உடல் தன் உள்வெப்பத்தை மெல்ல இறக்கத் தொடங்குகிறது. கை கால்களின் இரத்தக் குழாய்கள் விரிந்து வெப்பத்தை வெளியே விடுகின்றன. இந்த இறக்கம்தான் தூக்கத்துக்கு வாசல். விடியலுக்குச் சற்று முன் உள்வெப்பம் நாளிலேயே மிகத் தாழ்ந்த புள்ளிக்கு வருகிறது. அறை வெக்கையாக இருந்தால் உடலால் வெப்பத்தை வெளியே விட முடிவதில்லை. தூக்கம் தள்ளிப்போகிறது, அடிக்கடி கலைகிறது. சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் இதற்கு மேல் ஒரு தொல்லை: காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் வியர்வை ஆவியாகாது, உடல் குளிராது. வேலூரில் பகல் இன்னும் கடுமையாகச் சுட்டாலும், இரவில் சென்னை தரும் புழுக்கம் வேறு. மே மாதச் சென்னையில் இரவின் குறைந்தபட்ச வெப்பமே 28 டிகிரியை ஒட்டி இருக்கிறது. பகலெல்லாம் வெயிலை வாங்கிய கான்கிரீட் தளம் நள்ளிரவு தாண்டியும் அதைக் கீழே இறக்கிக்கொண்டிருக்கும்.

இங்கேதான் கனவுத் தூக்கம் மறுபடி வருகிறது. அந்த நேரத்தில் உடல் தன் வெப்பத்தைச் சீராக்கும் வேலையைக் குறைத்துவிடுகிறது. வியர்ப்பதும் நடுங்குவதும் மந்தமாகிவிடுகின்றன. அதனால் அறையின் வெப்பம் ஒத்துவராதபோது மூளை விட்டுக்கொடுக்கும் தூக்கங்களில் கனவுத் தூக்கம் முக்கியமானது. கனவுத் தூக்கம் இரவின் பின்பாதியில்தான் மிகுதி. ஆக, புழுக்கமான இரவில் பிள்ளை இழப்பது வெறும் மணிக்கணக்கை மட்டுமல்ல. வலிப்பிலிருந்து காக்கும் தூக்கத்தை, அதுவும் விடியலை ஒட்டிய நேரத்தில் இழக்கிறான். அதன் இடத்தில் அரைத்தூக்கமும் திரும்பத் திரும்ப விழித்தலும் நிரம்புகின்றன. தூக்கத்துக்கும் விழிப்புக்கும் இடையில் மூளை தாவும் அந்த நொடிகளும் வலிப்புக்கு ஏற்றவையே. இந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் தனித்தனியாக அளந்து பார்க்கப்பட்டது. அவற்றைக் கோத்து உங்கள் மகனின் நிலைக்குப் பொருத்துவது என் ஊகம். ஆனால் நெடுங்காலம் பதிவறையில் உட்கார்ந்து பார்த்தவனுக்கு அது பொருத்தமான ஊகமாகவே தோன்றுகிறது.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. ஏப்ரல், மே வெறும் வெயில் மாதங்கள் அல்ல. தேர்வு முடிந்து விடுமுறை. ஊர்த் திருவிழா, இரவெல்லாம் கூத்தும் கச்சேரியும். திருமணங்கள், இரவுப் பேருந்துப் பயணம், உறவினர் வீட்டில் பத்துப் பிள்ளைகள் ஒரே கூடத்தில் விடிய விடியப் பேச்சு. மாத்திரைப் பை வீட்டிலேயே தங்கிவிடும், அல்லது இரவு எட்டு மணி மாத்திரை பன்னிரண்டு மணிக்கு உள்ளே போகும். இத்தனையும் நடந்த பிறகு வந்த வலிப்புக்குக் கத்திரி வெயிலைக் குற்றம் சொன்னால் எப்படி? போன கோடையில் வலிப்பு வந்த நாள்களை எழுதி, அவற்றுக்கு முந்தைய இரவுகளை நினைவுபடுத்திப் பாருங்கள். வெயிலைவிட அந்த இரவுகள் அதிகம் பேசும்.

வெப்பம் கூடினால் வலிப்பும் கூடும் என்பது எல்லா இடத்திலும் நிரூபணமான நேர்க்கோடும் அல்ல. ஜெர்மனியின் யேனா நகர மருத்துவமனையில் வலிப்புக்காகச் சேர்க்கப்பட்ட 604 பேரின் தேதிகளை வானிலைக் குறிப்புகளோடு ஒப்பிட்டு 2017-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். காற்றழுத்தம் குறைந்த நாள்களிலும் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டிய நாள்களிலும் வலிப்புக்கான வாய்ப்பு கூடியிருந்தது. 20 டிகிரிக்கு மேல் வெப்பம் இருந்த நாள்களில் அது 46 விழுக்காடு குறைந்திருந்தது! இதைப் படித்துவிட்டு வெயில் நல்லது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். அவர்களின் 20 டிகிரி நமக்கு ஊட்டியின் குளிர். அங்கே அது இதமான நாள். ஜன்னலைத் திறந்துவைத்துத் தூங்கலாம். நமக்கு வேண்டிய கேள்வி, இரவில் 30 டிகிரியும் புழுக்கமும் சேரும்போது என்ன நடக்கிறது என்பது. பருவநிலை மாற்றத்தால் சூடான இரவுகள் பெருகுவது நரம்பு நோயாளிகளை எப்படிப் பாதிக்கும் என்று லண்டனைச் சேர்ந்த சஞ்சய் சிசோதியா போன்ற நரம்பியல் அறிஞர்கள் இப்போது வலியுறுத்திக் கேட்டுவருகிறார்கள். நாகர்கோவிலிலும் கடலூரிலும் இருப்பவர்களின் இரவுகள் அந்தக் கணக்கில் இடம்பெற வேண்டும் என்பது என் ஆசை.

மேலே சொன்னது பெரும்பாலோருக்குப் பொருந்தும். வெப்பமே நேரடியாக வலிப்பைக் கொண்டுவரும் சிலரும் இருக்கிறார்கள்.

அவர்களில் நமக்கு மிக நெருக்கமானவர்கள் வெந்நீர் வலிப்பு உள்ளவர்கள். தலையில் வெந்நீரைச் செம்பு செம்பாக மளமளவென்று ஊற்றும்போது பார்வை நிலைகுத்தி, சம்பந்தமில்லாமல் பேசி, சிலருக்கு முழு வலிப்பும் வந்துவிடும். இதை முதலில் எழுதியவர் நியூசிலாந்து மருத்துவர்; ஆண்டு 1945. ஆனால் உலகிலேயே அதிக நோயாளிகள் விவரிக்கப்பட்டிருப்பது தென்னிந்தியாவில், குறிப்பாகக் கர்நாடகத்தின் தென்பகுதியில். பெங்களூரில் கே. எஸ். மணியும் அவரது சகாக்களும் 1968 முதல் இதைப் பற்றி எழுதினார்கள். அங்குள்ள மனநல, நரம்பியல் மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸைச் சேர்ந்த சதீஷ்சந்திரா 1988-இல் 279 நோயாளிகளின் விவரங்களை வெளியிட்டார். தமிழ்நாட்டிலும் நோயாளிகள் உண்டு. பெண்களைவிட ஆண்களுக்கே அதிகம். குடும்பத்தில் வேறொருவருக்கும் இருப்பதைப் பார்க்கலாம். நீரின் வெப்பம் பொதுவாக 40 முதல் 50 டிகிரி வரை இருக்கும். இங்கே வேலை செய்வது தூக்கக் குறைவு அல்ல. தலையில் சடாரென்று ஏறும் வெப்பம்.

எண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றிக்கொள்ளும் வழக்கமுள்ள நமக்கு இது முக்கியம். தீபாவளி விடியற்காலையை எண்ணிப் பாருங்கள்: முந்தைய இரவு தூக்கமில்லை, மூன்று மணிக்கு எழுப்பிவிடுகிறோம், கொதிக்கக் கொதிக்கத் தலைக்கு வெந்நீர். இரு வகைத் தூண்டுதலும் ஒரே நேரத்தில்.

உங்கள் மகனுக்கு இதுவரை வந்த வலிப்புகள் குளியலறையில் வந்ததில்லை என்றால், வெந்நீரை அடியோடு விலக்க வேண்டியதில்லை. வெதுவெதுப்பாக, முதலில் உடம்புக்கு, கடைசியில் தலைக்கு, மெதுவாக ஊற்றிக்கொள்ளட்டும். குளியலறைத் தாழ்ப்பாளைப் போடாமல் குளிப்பதைப் பழக்கமாக்குங்கள். இது வலிப்புள்ள எல்லோருக்கும் பொருந்தும். ஒரு முறையாவது தலைக்கு ஊற்றும்போது வந்திருந்தால் மருத்துவரிடம் தனியாகச் சொல்லுங்கள். நீரின் சூட்டைக் குறைப்பதாலேயே பலருக்கு நின்றுவிடுகிறது. தேவைப்பட்டால் குளிப்பதற்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம் முன்பு குளோபசாம் என்ற மாத்திரை கொடுக்கும் முறையும் பெங்களூரில் நன்கு பயன்பட்டிருக்கிறது. அதை மருத்துவர் எழுதித்தான் கொடுக்க வேண்டும்.

காய்ச்சலில் குழந்தைகளுக்கு வரும் வலிப்பை, நம் பாட்டிகள் ஜன்னி என்பதை, இங்கே சுருக்கமாகத்தான் தொட முடியும். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பேருக்கு அது வருகிறது. மிகப் பெரும்பாலானோருக்கு வலிப்பு நோயாக மாறுவதில்லை. உங்கள் மகனின் வயதுக்கு அது பொருந்தாது. ஆனால் முதல் பிறந்த நாளுக்கு முன்பே காய்ச்சலிலோ வெதுவெதுப்பான குளியலிலோ நீண்ட வலிப்பு வந்து, திரும்பத் திரும்ப வரும் குழந்தை இருந்தால், டிராவே நோய்க்கூட்டுக் குறைபாடு என்ற அரிய வகையை மருத்துவர் நினைக்க வேண்டும். 1978-இல் ஷார்லட் டிராவே என்ற பிரெஞ்சு மருத்துவர் விவரித்தது அது. நரம்பணுக்களை அடக்கிவைக்கும் பணியைச் செய்யும் அணுக்களின் சோடியம் வாயில்களில் மரபணுக் கோளாறு. வெப்பம் கூடும்போது அவை இன்னும் தளர்ந்துபோகின்றன. அந்தக் குழந்தைகளுக்குக் கோடை வெயில் நேரடி எதிரி. அவர்களுக்கு ஏசி ஆடம்பரம் அல்ல, சிகிச்சையின் ஒரு பகுதி.

வெப்பத்துக்கு எதிர்த்திசையிலும் ஒரு சான்று உண்டு. நோயாளி விழித்திருக்க மூளையில் அறுவை செய்யும்போது, மின்தூண்டலால் வலிப்பு தொடங்கினால் அறுவை மருத்துவர் பனிபோல் குளிர்ந்த உப்புநீரை மூளையின் மேற்பரப்பில் ஊற்றுவார். சில நொடிகளில் அடங்கிவிடும். மூளையின் வெப்பம் குறைந்தால் மின்னூட்டம் அடங்கும் என்பதற்கு இதைவிட நேரான சாட்சி இல்லை. அதற்காக வலிப்பு வந்தவர் தலையில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றாதீர்கள். மண்டையோட்டைத் தாண்டி அந்தக் குளிர்ச்சி மூளைக்குப் போகாது. மூக்கிலும் தொண்டையிலும் நீர் புகுந்தால் மூச்சுதான் அடைக்கும்.

கோடையில் பலர் கவனிக்காத மற்றொன்று மாத்திரை. டோபிரமேட், சோனிசமைடு ஆகிய இரண்டும் சிலருக்கு, குறிப்பாகக் குழந்தைகளுக்கு, வியர்வையைக் குறைத்துவிடும். வெயிலில் விளையாடி வந்த பிள்ளை முகம் சிவந்து உடம்பு கொதிக்க, துளி வியர்வையில்லாமல் நின்றால் அந்த அறிகுறியை நீங்கள் அடையாளம் காண வேண்டும். நிழலுக்குக் கொண்டுபோய் ஈரத்துணியால் துடைத்து, மருத்துவரிடம் அன்றே சொல்லுங்கள். கார்பமாசெபின், ஆக்ஸ்கார்பசெபின் சாப்பிடுபவர்களுக்கு இரத்தத்தில் சோடியம் குறையும் போக்கு உண்டு. வியர்வையில் உப்பை இழந்து, வெறும் தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடித்தால் அது மேலும் இறங்கும். சோடியம் மிகக் குறைந்தால் அதுவே வலிப்பைக் கொண்டுவரும். உப்புப் போட்ட நீர்மோர், கஞ்சி, நீராகாரம் இவற்றைக் குடிக்கும் நம் பழக்கம் இங்கே உண்மையிலேயே உதவுகிறது. என்ன மருந்தாக இருந்தாலும் வெயிலைக் காரணம் காட்டி நீங்களாக நிறுத்தவோ குறைக்கவோ கூடாது. திடீரென்று நிறுத்துவதைப் போல் வலிப்பைத் தூண்டுவது வேறொன்றும் இல்லை.

மாத்திரையை வைக்கும் இடத்தையும் பாருங்கள். அடுப்படி அலமாரி, குளியலறை, வெயில் விழும் ஜன்னல் ஓரம், பூட்டிய காரின் உள்ளே, இவை எல்லாமே மோசமான இடங்கள். ஈரக் காற்றில் வைத்த கார்பமாசெபின் மாத்திரை தன் பலனில் மூன்றில் ஒரு பங்கு வரை இழக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 1990-இல் எச்சரித்திருக்கிறது. சோடியம் வால்ப்ரோயேட் மாத்திரை காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் குழைந்துவிடும். வாரம் முழுவதற்கும் முன்கூட்டியே அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் போட்டு வைப்பவர்கள் இதை அறிந்துகொள்ள வேண்டும். மாத்திரையை அட்டையிலேயே வைத்து, சாப்பிடும்போது பிரியுங்கள்.

ஏசி வாங்க வசதி இருந்தால் வாங்குங்கள், தடையில்லை. 25, 26 டிகிரியில் வைத்து மின்விசிறியையும் மெதுவாக ஓட விட்டால் போதும். 18-இல் வைத்து நடுங்கி எழுவதும் தூக்கக் கேடுதான். வசதி இல்லையென்றால் மனம் தளர வேண்டாம். மாலையில் தளத்தில் தண்ணீர் தெளித்துவிடுவது, மொட்டைமாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு பூசுவது, எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவைப்பது, படுக்கும் முன் வெதுவெதுப்பான அல்லது சாதாரண நீரில் குளிப்பது, பருத்தி விரிப்பு, பாய் ஆகியவையும் பலன் தரும். மாடியில் போய்ப் படுப்பதில்தான் எனக்கு அச்சம். கைப்பிடிச் சுவர் இல்லாத அல்லது தாழ்ந்த மொட்டைமாடியில் வலிப்புள்ள பிள்ளை தூங்கவே கூடாது. வலிப்புக்குப் பிறகு குழப்பத்தில் எழுந்து நடப்பவர்கள் உண்டு. கட்டிலைவிடத் தரையில் விரித்த மெத்தையே நல்லது.

குளிர்ச்சியைவிட முக்கியமானது நேரம். விடுமுறையோ வேலை நாளோ, ஒரே நேரத்தில் படுத்து ஒரே நேரத்தில் எழுவது. 16 வயதுக்கு எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் தூக்கம் வேண்டும். திருவிழாவுக்குப் போகக் கூடாது என்று பிள்ளையை அடைத்துவைக்காதீர்கள். அந்த வயதில் அது பெரிய தண்டனை. பத்தரை மணி வரை இருந்துவிட்டு வரட்டும், மாத்திரையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போகட்டும், மறுநாள் காலை யாரும் அவனைச் சீக்கிரம் எழுப்ப வேண்டாம். குண்டாக இருந்து பலமாகக் குறட்டை விட்டு, இடையில் மூச்சு நின்று திணறி எழுகிறான் என்றால் அதையும் சொல்லுங்கள். தூக்கத்தில் மூச்சு நிற்கும் அந்தக் கோளாறைச் சரிசெய்தபின் வலிப்பு குறைந்தவர்கள் இருக்கிறார்கள்.

சொல்லத் தயக்கமாக இருந்தாலும் ஒன்றை மறைக்க மாட்டேன். வலிப்பு உள்ள பெரியவர்களில் ஆண்டுக்கு ஆயிரத்தில் ஒருவர் எதிர்பாராமல் திடீரென்று இறந்துபோகிறார். பெரும்பாலும் தூக்கத்தில், பெரும்பாலும் குப்புறப் படுத்த நிலையில், முழு உடலும் வெட்டும் வலிப்புக்குப் பின். அதைத் தடுக்க நம் கையில் உள்ள வலுவான ஆயுதம் முழு வலிப்பை மருந்தால் நிறுத்தி வைப்பதுதான். அடுத்தது, அதே அறையில் இன்னொருவர் படுப்பது. ஏசி அறை என்று அவனை மட்டும் தனியறையில் விட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, வீட்டில் மற்றவர்கள் வேறிடத்தில் படுப்பதாக ஏற்பாடு செய்யாதீர்கள். அண்ணனோ அப்பாவோ அங்கேயே படுக்கட்டும்.

வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், நேரத்தைப் பாருங்கள். கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதோ வாயில் கரண்டியை வைப்பதோ வேண்டாம். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108.

ஒரு நோட்டில் இந்தக் கோடை முழுவதும் நான்கு விஷயங்களை எழுதுங்கள்: எத்தனை மணிக்குத் தூங்கினான், இடையில் எத்தனை முறை எழுந்தான், மாத்திரை எத்தனை மணிக்குச் சாப்பிட்டான், காலையில் கை துள்ளியதா. வலிப்பு வந்த நாளில் அறை எப்படி இருந்தது, மின்வெட்டு இருந்ததா, முந்தைய நாள் என்ன நடந்தது என்றும் ஒரு வரி. ஜூனில் அந்த நோட்டோடு மருத்துவரைப் பாருங்கள். அவருக்கு ஐந்து நிமிடம்தான் இருக்கும். பக்கத்தைத் திறந்து மேசையில் வைத்துவிட்டு, இது காலை நேரத் துள்ளல் வகையா, இப்போது கொடுக்கும் மருந்து அதற்குப் பொருந்துமா என்று இந்த இரண்டை மட்டும் கேளுங்கள்.